ரங்கனுக்கு ஈடு

வைகாசியில் ஏரி வற்றும். தோணிமேட்டுக்குக் கிழக்கே தண்ணீர் பின்வாங்கி, கண்ணுக்கெட்டிய வரை சேறு காய்ந்து வெடித்துத் தரையாகக் கிடக்கும். ஆண்டுக்கொரு முறை அந்தத் தரையில்தான் தோணிமேட்டு ஆண்களும், உப்பங்கழிக்கு அக்கரையிலிருக்கும் பனைக்குப்பத்து ஆண்களும் கிட்டிப்புள் ஆடுவார்கள். பிள்ளைகள் ஆட்டத்தை மீசை வைத்தவர்கள் ஆடுகிறார்களே என்று பழவேற்காட்டுச் சந்தைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சிரித்ததுண்டு. ஜெயித்த குப்பம்தான் அந்த வருஷம் முகத்துவாரத்தில் முதல் வலை போடும் என்று கேட்ட பிறகு அவர்கள் சிரிப்பதில்லை. மழைக்குப் பின் கடலிலிருந்து இறால் ஏரிக்குள் ஏறும்போது முதல் வலையில் விழுவது வேறு, இரண்டாம் வலையில் விழுவது வேறு.

மூன்று வருஷமாக அது பனைக்குப்பத்தின் வலையாக இருந்தது. காரணம் ஒரே ஆள். பெயர் ரங்கன்.

குழியின் மேல் வைத்த புள்ளைக் கோலால் தட்டி எழுப்பி, காற்றில் இருக்கும்போதே ஓங்கி அடிக்க வேண்டும். விழுந்த இடம்வரை கோலால் அளந்தால் அது அடித்தவன் கணக்கு. விழுவதற்கு முன் எதிராளி எவனாவது ஏந்திவிட்டால் அடித்தவன் வெளியே. ரங்கன் எல்லோருக்கும் பின்னால், தண்ணீர் விளிம்பில், கடைக்காவலாக நிற்பான். அவனைத் தாண்டி ஒரு புள் விழுந்ததை மூன்று வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை.

அந்த ரங்கனைத் தோணிமேட்டுக்கே கொண்டு வந்துவிடலாம் என்ற பேச்சு சித்திரைக் கடைசியில் கிளம்பியது. கிளப்பியவர் மாசிலாமணி. நாற்பத்தொரு வயது, சொந்தத் தோணி, ஆட்டம் என்றால் சோறு வேண்டாதவர். தோணித்துறையில் பூவரச மரத்தடியில் ஊர்த்தலைவர் சுப்பனும் மற்றவர்களும் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்.

"அவனுக்கு அங்க வலையில பங்கு இல்ல. சேத்துல கை போட்டு எறா புடிக்கிற ஒரு கெழவன் வளர்த்த புள்ள. ஊருக்கு ஆடிக் குடுக்கணுமாம், பங்குக்கு மட்டும் வரக்கூடாதாம். நாம ஒரு பங்கு குடுத்தா வந்துடுவான்."

"அவனுங்க சும்மா வுடுவானுங்களா?" என்று கேட்டாள் லோகாம்பாள். பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் ஒல்லாந்த வெள்ளைக்காரர்களின் சமையல்காரர்களுக்கு மீன் விற்கிறவள். இருபது வருஷ ஆட்டத்தில் யார் எத்தனை கோல் அடித்தார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"வுட மாட்டானுங்க. நீலமேகத்தக் கேக்குறானுங்க."

நீலமேகம் தோணிமேட்டின் இடக்கைக்காரன். இருபது வயது. அவனைப் போல் அடிக்க இரண்டு குப்பத்திலும் ஆள் கிடையாது. பேச்சு சூடு பிடித்துவிட்டது.

"அடிக்கிறவனக் குடுத்துட்டுப் புடிக்கிறவன வாங்குனா, அப்பால கணக்கு எங்கேந்து வரும்?" என்றாள் லோகாம்பாள். "ரங்கன் கையில புடிச்சு வெச்சுக்கினு நின்னா அத்த அளக்க முடியுமா?"

"போன வருஷம் நீலமேகம் அடிச்சதுல தரையில எத்தினி வுழுந்துச்சு? நீயே சொல்லு அக்கா."

"ரெண்டு."

"மீதி?"

"ரங்கன் கையில."

"அதத்தான் சொல்றேன்."

"இன்னாத்த சொல்ற? இப்ப ரங்கன் அங்க, நீலமேகம் இங்க. மாத்துனா ரங்கன் இங்க, நீலமேகம் அங்க. அவனுங்க ரெண்டு பேரும் எப்பவும் எதிரெதிராத்தான் நிப்பானுங்க. எடம் மாறுறது நாமதான்."

எல்லோரும் சிரித்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன், ரங்கனுக்கு இருபத்தாறு ஆகிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் ஓடுவான், நல்ல மாடு என்று வாங்கி மழைக்கு முன்னால் படுத்துக்கொண்ட கதையாகிவிடும் என்றான். இன்னொருவன், ஓடுகிறவன் காலைப் பார்க்காதே, கையைப் பார் என்றான். மூன்று நாள் இப்படியே போயிற்று. நான்காம் நாள் சுப்பன் மாசிலாமணி பக்கம் சாய்ந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

இத்தனை நாளும் நீலமேகம் பத்தடி தள்ளித் தன் தோணியின் வெடிப்புகளுக்குக் குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் தலையைத் திருப்பவில்லை.

அந்த நான்காம் நாள் அவனுடைய தாய் குப்பம்மாள் தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியே வந்தவள் நின்றாள்.

"அன்னைக்கும் இதே மரத்தடியிலதான் பேசினீங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "யாரு போனா எத்தினி பேரு சாப்புடலாம்னு. இன்னைக்குப் புள்ளயக் குடுத்துட்டுப் புள்ளு புடிக்க ஆளு வாங்குறீங்க."

யாரும் நிமிரவில்லை. சுப்பன்தான் பேசினார். "அது பஞ்சம். இது ஆட்டம். ரெண்டும் ஒண்ணாம்மா?"

குப்பம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். லோகாம்பாளும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மறுநாள் காலை சுப்பன் மாசிலாமணியைக் கூப்பிட்டு, பனைக்குப்பத்துக்குப் போய்ப் பேசி முடித்துவிட்டு வரச் சொன்னார்.

*

அவள் சொன்ன அந்த நாள் நடந்து பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

மூன்று மழை தொடர்ந்து பொய்த்த காலம். ஏரி சுண்டி உப்பாய்ப் போனது. காட்டூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தில் சோறும் இருக்கும் என்று நம்பி ஏரியை நோக்கி நடந்து வந்தார்கள். வழியிலேயே பாதிப் பேர் தங்கிவிட்டார்கள். அப்போதுதான் நெல் வைத்திருந்த ஒரு தரகன் தோணிமேட்டுக்கு வந்தான். கடலில் ஒரு கப்பல் நிற்கிறது, அதற்கு ஆள் வேண்டும், போகிறவர்கள் வீட்டுக்கு நெல் என்றான். கப்பல் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிழக்கே என்று மட்டும் தெரிந்தது. பூவரச மரத்தடியில் பேசி, நான்கு பேரை அனுப்புவது என்று முடிவாயிற்று. குப்பம்மாளின் கணவன் தசரதன் ஒருவன். லோகாம்பாளின் தம்பி ஒருவன். இவர்களோடு, காட்டூரிலிருந்து வந்து தாய் தகப்பனைப் பறிகொடுத்திருந்த ஒரு பெண்ணையும் அவள் தம்பியையும் தரகன் சேர்த்துக்கொண்டான். அவளுக்குப் பதின்மூன்று இருக்கும். தம்பிக்கு ஏழு. நீலமேகம் அப்போது எட்டு மாதக் குழந்தை.

அந்த ஆறு பேரையும் முகத்துவாரம் வரை தோணியில் ஏற்றிப் போனவர் மாசிலாமணி. மணல் திட்டுக்கு வெளியே கப்பலின் படகு காத்திருந்தது. அவர்களை அதில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். கரையில் நின்ற குப்பம்மாள், "எப்புடிப் போனாரு?" என்று கேட்டாள்.

"சிரிச்சுக்கினேதான் போனாரு அண்ணி," என்றார் மாசிலாமணி.

அந்தப் பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. தசரதனைப் போல உண்டா, ஊருக்காகச் சிரித்துக்கொண்டே போனான் என்று சொல்லாதவர்கள் இல்லை.

மறுவருஷம் மழை பெய்தது. அடுத்த வைகாசியில் ஆட்டம் நடந்தது. உச்சி வெயிலில் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி, தூரத்தில் கானல் ஆடுகிற இடத்தில், கடைக்காவல்காரனுக்கும் பின்னால், முழங்கால் தண்ணீரில் சிலர் நிற்பதைப் பார்த்தார். ஆட்டம் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தார். எண்ணினார். ஐந்து பேர். எல்லோரும் குழியைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு மேகம் வந்து வெயில் தணிந்ததும் அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வைகாசியிலும் பார்த்தார். ஆறு பேரை ஏற்றிப் போனவருக்கு ஐந்து பேர்தான் தெரிந்தார்கள். இன்னொருவன் எங்கே என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவருக்குத் துணிவு வந்ததில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு வருஷமும் ஆட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

*

பனைக்குப்பத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ரங்கன் கழியோரத்தில் மார்பளவு தண்ணீரில் குந்தியிருந்தான். ஓலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவினான். கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் மேலே வரும், ஒரு இறால் பறிக்குள் விழும், கை மறுபடி உள்ளே போகும்.

கரையேறியதும் மாசிலாமணி விஷயத்தைச் சொன்னார். ஒரு முழுப் பங்கு, குடிசை போட இடம், வலைக்கு நூல்.

"எனக்கு ஈடா நீலமேகம்," என்றான் ரங்கன். "அவனக் கேட்டீங்களா?"

"அவன் ஒண்ணும் மறுத்துச் சொல்லல."

"கேட்டீங்களான்னு கேட்டேன் அண்ணே."

ரங்கன் பறியைத் தண்ணீரில் அலசிக்கொண்டே, "நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றான். "ஆட்டத்துல எல்லாரும் புள்ளப் பாப்பாங்க. நீ மட்டும் என்னத் தாண்டிப் பின்னால பாத்துக்கினு ஒக்காந்திருப்ப. மூணு வருஷமாக் கவனிக்கிறேன். இன்னா தெரியுது ஒனக்கு?"

"கானல்தான். வேற இன்னா?"

"எத்தினி பேரு?"

மாசிலாமணி ஈரக்கரையிலேயே உட்கார்ந்தார். "அஞ்சு," என்றார்.

"எனக்கும் அஞ்சுதான்."

ரங்கன் அவருக்கு எதிரே குந்தினான். அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் மாசிலாமணி அதுவரை பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"முகத்துவாரத்துல தோணி மணல்ல தட்டிடுச்சு. நீ எறங்கி முன்னால நின்னு இழுத்த. அப்ப எங்கக்கா ராஜாத்தி என்னப் பின்பக்கமாத் தண்ணில தள்ளி வுட்டா. நான் மணல் திட்டுல ஏறி நின்னேன். நீ திரும்பிப் பாத்த. ஞாபகம் கீதா?"

"கீது."

"பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அதுக்கு ஒனக்கு நான் கடமப்பட்டவன். அதயும் சொல்லிடணும்."

"நீ செத்துப் போயிட்டன்னு நெனச்சேன்," என்றார் மாசிலாமணி. "தண்ணி ஏறுற நேரம் அது."

"கெழவன் வந்து எடுத்தாரு. அதுக்கு முன்ன ஒண்ணு நடந்துச்சு. தோணி கெளம்புனப்ப எங்கக்கா முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த அவல, அந்தத் தரகன் குடுத்தது, அப்படியே கிழிச்சு முடிச்சோட எங்கிட்ட வீசுனா. ரெண்டு கையையும் நீட்டுனேன். கையில பட்டு நழுவிடுச்சு. தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு. அவ அதப் பாத்துட்டா. அவ மொகம் போன போக்க நானும் பாத்துட்டேன்."

கழியில் ஒரு நாரை இறங்கி, இவர்களைக் கண்டு மறுபடி எழுந்து போயிற்று.

"அதுலேந்து நான் எதயும் வுழ வுட்டதில்ல. ஊர்ல எல்லாம் என்னக் கில்லாடின்றாங்க. எனக்கு இன்னா பயம்னு அவங்களுக்குத் தெரியாது. அவ அங்க பின்னால நிக்கிறா. ஒரு புள்ளு என்னத் தாண்டிப் போச்சுன்னா அத்த அவ எடுத்துக்குவா. எடுத்துக்கினான்னா அப்பால நிக்க மாட்டா. போயிடுவா."

மாசிலாமணி கையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரேன்," என்றான் ரங்கன். "பங்குக்காக இல்ல. நீலமேகத்தோட அம்மா அங்க கீறாங்க. அவங்க வூட்டுக்காரரு தோணில இன்னா சொன்னாருன்னு நானும் கேட்டேன், நீயும் கேட்ட. நீ அந்தம்மாகிட்ட உள்ளது உள்ளபடி சொல்லணும். நான் சொல்றது மொறையில்ல."

"சொல்றேன். மொதல்ல ஆட்டம் முடியட்டும்."

ரங்கன் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "முடியட்டும்," என்றான்.

*

ஆட்டத்துக்கு எட்டு நாள் முன்பு ரங்கன் ஒரு பாயும் பறியுமாகத் தோணிமேட்டுக்கு வந்து சேர்ந்தான். அதே நாளில் நீலமேகம் புறப்பட்டான். தோணி தள்ளுவது மாசிலாமணிதான். பேசி முடித்தவர் கொண்டுபோய் விடுவதுதான் வழக்கம்.

துறைக்கு வந்த குப்பம்மாள் தோணியில் நிற்பவரைப் பார்த்தாள். "நீயேதான் தள்றியா?"

"ஆமா அண்ணி."

அவள் துணி மூட்டையை மகன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். தோணி புறப்படும்வரை நிற்கவில்லை.

நடுக்கழியில் நீலமேகம் கேட்டான்: "சித்தப்பா, எங்க நைனா எந்தப் பக்கம் ஒக்காந்திருந்தாரு?"

"முன்னால. மூக்கு ஓரமா."

நீலமேகம் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தான். "பயந்தாரா?"

மாசிலாமணி மூங்கிலை ஊன்றித் தள்ளினார். "இங்க ஆழம். ஆடாம ஒக்காரு."

*

ஆட்டத்தன்று இரண்டு குப்பமும் தரையில் கூடிவிட்டது. தோணிமேடு முதலில் அடித்தது. லோகாம்பாள் பயந்தபடியே ஆயிற்று. நீலமேகம் இல்லாத குறை ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. எல்லோரும் அடித்துச் சேர்த்தது எழுபது கோல்கூட இல்லை.

பிறகு பனைக்குப்பம் அடிக்க வந்தது. தண்ணீர் விளிம்பில் ரங்கன். முதலில் வந்தவன் உயரமாக அடித்தான், ரங்கன் ஏந்தினான். இரண்டாமவன் தாழ்வாகச் சரித்து அடித்தான், அதையும் முழங்காலுக்குக் கீழே குனிந்து எடுத்தான். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படியே. தோணிமேட்டுப் பக்கம் ஆரவாரம் அடங்கவில்லை. இவனுக்கு இரண்டு பங்கு கொடுத்தாலும் தகும் என்று சுப்பன் சொன்னார்.

கடைசியாகக் கோலை எடுத்தவன் நீலமேகம். பனைக்குப்பம் ஜெயிக்க எழுபது கோல் போதும். அது அவனுக்கு ஒரே அடி. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தரைக்கு மேல் காற்று உருகி ஆடியது. மாசிலாமணி பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். ரங்கனுக்குப் பின்னால் ஐந்து பேரும் நின்றார்கள். அவர்களில் உயரம் குறைந்த உருவம் மட்டும் மற்றவர்களை விட்டு நாலடி முன்னால் வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர்கள் இடம் மாறி அவர் பார்த்ததே இல்லை.

நீலமேகம் புள்ளைத் தட்டி எழுப்பி இடக்கையால் வீசினான். அடித்த சத்தத்திலேயே லோகாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். புள் வெயிலுக்குள் போய் மறைந்து, மறுபடி தெரிந்து இறங்கியது. ரங்கன் பின்னுக்கு ஓடினான். தண்ணீருக்குள் கால் வைத்தான். கைகளை உயர்த்தினான். சரியான இடம்தான். கையைக் குவித்தால் உள்ளே விழுந்திருக்கும்.

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் மெல்லத் தாழ்த்தினான்.

புள் அவன் தலைக்கு மேலே போயிற்று. தண்ணீர் தெறிக்கவில்லை. சத்தமும் இல்லை.

அளக்கக் கோலோடு ஓடியவர்கள் அங்கே போய் எதை அளப்பது என்று தெரியாமல் நின்றார்கள். இரண்டு குப்பத்து ஆண்களும் இறங்கித் தேடினார்கள். பனைக்குப்பத்தில் சேற்றில் கை போட்டு இறால் பிடிக்கிறவர்களும் வந்து, விரலால் தரையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மிதக்க வேண்டிய மரத்துண்டு. முழங்கால் தண்ணீர். பொழுது சாய்ந்து தண்ணீர் ஏறும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

"வுழுந்துச்சு," என்றது பனைக்குப்பம்.

"எங்க வுழுந்துச்சு, காட்டு," என்றது தோணிமேடு.

கடைசியில் இரண்டு தலைவர்களும் ஓலை நறுக்கில் குப்பத்தின் பெயர் எழுதிக் குலுக்கினார்கள். பனைக்குப்பம் வந்தது. நான்காவது வருஷமும் முதல் வலை அவர்களுடையது.

ரங்கனைச் சுற்றிப் பேச்சு எழுந்தது. பழைய ஊர்ப் பாசம், வேண்டுமென்றே கையைத் தாழ்த்தினான் என்றார்கள். நீ என்ன பார்த்தாய் என்று லோகாம்பாளைக் கேட்டார்கள். "தாழ்த்துனது எனக்கும் தெரிஞ்சுது," என்றாள். "ஏன்னு அவன் மூஞ்சியப் பாத்தப்பறம் கேக்க வாய் வரல."

ரங்கன் ஈரக்காலோடு மாசிலாமணியிடம் வந்தான்.

"அக்கா எடுத்துக்கினா," என்றான். "ரெண்டு கையாலயும் புடிச்சா அண்ணே. நீ பாத்தியா?"

மாசிலாமணி தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். வெயில் சாய்ந்தும் அன்று அவர்கள் மறையவில்லை. நான்கு பேர் நின்றார்கள்.

"ஆட்டம் முடிஞ்சுது," என்றான் ரங்கன்.

*

குப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி எதிரில் போய் நின்றார். உட்காரச் சொல்வாள் என்று நினைத்தார். அவள் சொல்லவில்லை.

"அண்ணி, அவரு சிரிச்சுக்கினு போகல."

அவள் கை நின்றது.

"தோணி மணல்ல தட்டி நின்னப்ப என் கையப் புடிச்சாரு. திருப்புடா மாசிலா, நெல்லு வேணாம், அவளோடயே பட்டினி கெடந்து சாவுறேன், திருப்புடான்னாரு. அழுதாரு. பெரிய சத்தம் போட்டு அழுதாரு. தரகனோட ஆளு ஒருத்தன் தோணில இருந்தான். அவன் கையில கத்தி கித்தி எதுவும் இல்ல. நான் திருப்பியிருக்கலாம். திருப்பல. தோணி தள்ளுனதுக்கு எங்க வூட்டுக்கும் நெல்லு குடுத்திருந்தான். எங்கம்மா அதக் காலையிலயே ஒலையில போட்டுட்டாங்க. அதத்தான் நெனச்சுக்கினு தள்ளுனேன்."

அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார்.

"அழுதாரா?" என்று கேட்டாள்.

"அழுதாரு."

"எம் பேரச் சொன்னாரா?"

"சொன்னாரு. படகுல ஏறுனப்பறமும் சொல்லிக்கினே இருந்தாரு. கொஞ்ச தூரம் வரைக்கும் எனக்குக் கேட்டுச்சு."

குப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"பத்தொம்பது வருஷமா அந்தச் சிரிப்ப நெனச்சுக்கினு கெடந்தேன். எட்டு மாசப் புள்ளையயும் என்னையும் வுட்டுட்டு எப்புடிச் சிரிச்சாருன்னு. அந்தக் கோவத்துல அவரு பேருல ஒரு வெளக்குகூட ஏத்துல. நல்லவருன்னு ஊரு சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிஞ்சுது."

எழுந்து கையைக் கழுவினாள். உரித்த இறாலை மூடி வைத்தாள்.

"தோணிய எடு," என்றாள்.

பனைக்குப்பத்துத் துறையில் அவர்கள் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. அங்கே கொண்டாட்டம். ஊர்த்தலைவர் தருமன் நீலமேகத்துக்குத் தன் கையால் கள் ஊற்றிக்கொண்டிருந்தார். குப்பம்மாள் நேராக நடுவில் போய் நின்று மகனைப் பார்த்து, "மூட்டைய எடுத்துக்கினு வா," என்றாள்.

தருமன் எழுந்தார். "இன்னாம்மா இது? பேசினது பேசினதுதான். ரங்கன் அங்க, இவன் இங்க."

"பேசினது நீங்க. நான் பேசல. இவனும் பேசல."

தருமன் மாசிலாமணியைப் பார்த்தார். "நீதானய்யா வந்து முடிச்ச?"

"முடிச்சது தப்பு," என்றார் மாசிலாமணி.

"அப்ப ரங்கன அனுப்பு."

"அவன் கீறான். வந்து அவனையே கேளுங்க. வரேன்னா கூட்டிக்கினு போங்க."

தருமன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். முதல் வலை கைக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில் மற்றவர்களும் சண்டைக்கு நிற்கவில்லை. ரங்கனைக் கேட்க அங்கிருந்து ஒருவரும் கடைசிவரை வரவில்லை. நீலமேகம் கள் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது குப்பம்மாள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பாதி வழியில், மாசிலாமணியைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்குக் காலையில வூட்டுக்கு வா. எல்லாத்தயும் மொதல்லேந்து சொல்லு. இவனும் கேக்கணும்."

காலையில் மாசிலாமணி போனபோது வீட்டு வாசல் நிறைந்திருந்தது. அவள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். லோகாம்பாள் மீன் கூடையைத் தொடாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். மற்ற இரண்டு பேரின் வீட்டாரும் இருந்தார்கள். சுப்பன் ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நீலமேகத்துக்குப் பக்கத்தில் ரங்கன்.

"எந்தம்பி எதுனா பேசினானா?" என்றாள் லோகாம்பாள்.

"பேசினான் அக்கா. சொல்றேன்."

மாசிலாமணி உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னைக்குக் காத்தே இல்ல," என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் இருந்துச்சு அண்ணே," என்றான் ரங்கன். "வடக்கேந்து."

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். "ஆமா," என்றார். "வடக்கேந்து கொஞ்சம் இருந்துச்சு." மேலே சொல்லத் தொடங்கினார்.